கயிறு யார் கையில்?

அத்தியாயம் 4: ஆய்வுக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவருக்கு ஆய்வு செய்யும் ஆசை வந்தால் முதலில் தலைப்பைத் தேடுகிறார். தலைப்பு அமைந்ததும் அதில் கையெழுத்துப் போட ஒரு பேராசிரியரைத் தேடுகிறார். இந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்வதுதான் இந்த அத்தியாயம். நல்ல வழிகாட்டி அமைந்தால் சுமாரான தலைப்பும் தேறிவிடும். ஆள் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல தலைப்பும் அலமாரியிலேயே கிடக்கும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால், முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் இழுத்துத் தூக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும். அண்ணன் தம்பி இருக்கும்போது மச்சானை ஏன் நம்பினார்கள்? உடன்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு கூடலாம். மச்சானுக்கோ போவது தங்கையின் தாலி. நஷ்டத்தில் பங்கு உள்ளவன் கையில் கயிறு இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

ஆய்வு வழிகாட்டிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அவர் எவ்வளவு பெரியவர், எவ்வளவு அன்பானவர் என்பதெல்லாம் பிறகு. உங்கள் வேலை பாதியில் நின்றால் அவருக்கு என்ன போகும்? "ஒன்றும் போகாது" என்பது பதிலானால் வேறு ஆளைப் பாருங்கள்.

யாருக்கு என்ன போகும்?

இளநிலை மாணவர்களுக்கு நாட்டில் நன்கு அறிமுகமான வாய்ப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம். மாணவர்கள் வாயில் அது "எஸ்.டி.எஸ்.". இரண்டு மாத ஆய்வு. அண்மை ஆண்டுகளில் உதவித்தொகை 50,000 ரூபாய். வழிகாட்டி உங்கள் கல்லூரியிலேயே முழுநேர ஆசிரியராக இருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் ஒரு மாணவருக்குத்தான் வழிகாட்ட முடியும். ஆய்வை முடித்து, அறிக்கை கொடுத்து, அது ஏற்கப்பட்டால்தான் பணம் கைக்கு வரும்.

இந்த விதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு மாணவர் என்பதால், உங்களுக்குச் சரி சொல்லிவிட்ட ஆசிரியர் அந்த ஆண்டு இன்னொருவரை எடுக்க முடியாது. அவரும் எதையோ பணயம் வைக்கிறார். எனவே நல்ல ஆசிரியர்கள் சீக்கிரமே "புக்" ஆகிவிடுவார்கள். அறிவிப்பு வந்தபின் ஓடுகிறவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அறிவிப்புக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். விதிகளில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றம் வரும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி வைத்திருக்கிறது. இதைக் கேட்டு, "அப்படியானால் அவர் தன் லாபத்துக்காகத்தானே வருகிறார்" என்று முகம் சுளிக்க வேண்டாம். கட்டுரை வெளிவந்தால் இருவருக்கும் லாபம், நின்றுபோனால் இருவருக்கும் நஷ்டம் என்ற நிலைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டுரை அவருக்கு வேண்டும் என்பது சரி, அதில் உங்கள் பெயரும் இருந்தாக வேண்டும் என்று அவர் நினைக்கிறாரா? இதைக் கண்டுபிடிக்கும் வழி பின்னால் வருகிறது.

எச்.ஓ.டி.யா, ஏ.பி.யா, பி.ஜி.யா?

துறைத் தலைவரிடம் பெயர் இருக்கும், கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும், ஆய்வகக் கதவு திறக்கும். நேரம் இருக்காது. நான்கைந்து ஆண்டு அனுபவமுள்ள உதவிப் பேராசிரியருக்கு நேரமும் வேகமும் இருக்கும். தன் முதுநிலைத் தீசிஸை அண்மையில் எழுதி முடித்தவர் என்பதால் எத்திக்ஸ் கமிட்டி படிவத்தின் எந்தக் கட்டத்தில் எல்லோரும் இடறுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பி.ஜி. அண்ணனோ அக்காவோ தினமும் கூட இருந்து சொல்லித்தருவார்கள். ஆனால் முறைப்படி கைடாக இருக்க முடியாது.

பெரும்பாலான இளநிலை மாணவர்களுக்கு ஒத்துவரும் அமைப்பு இதுதான்: கைடு ஓர் உதவி அல்லது இணைப் பேராசிரியர், துறைத் தலைவரின் ஆசி, அன்றாடச் சந்தேகத்துக்கு ஒரு பி.ஜி.

அரசுக் கல்லூரி மாணவர்கள் கூடுதலாக மூன்று விஷயம் விசாரிக்க வேண்டும். முதலாவது, மாறுதல் கலந்தாய்வு. உங்கள் கைடு சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டிருந்தால், நீங்கள் ரத்த மாதிரி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் நாகர்கோவிலில் இருப்பார். இரண்டாவது, ஓய்வு பெறும் தேதி. மூன்றாவது, தனியார் பிராக்டிஸ். மாலையில் கிளினிக் நடத்துபவரிடம் மாலை ஆறு மணிக்குச் சந்தேகம் கேட்க முடியாது. அது குறையல்ல, ஓ.பி. முடிந்து அவர் அறையில் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் எது என்று தெரிந்துகொண்டால் போதும். இவற்றை அவரிடம் நேரடியாகக் கேட்பது சங்கடமாக இருந்தால் துறை அலுவலக உதவியாளரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தத் துறையில் நடப்பதில்லை.

ஒரு கைடு என்ன செய்தார்: சென்னை, 1985–87

தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் வழிகாட்டி என்றால் யார் என்று காட்ட ஒரு மாணவர் ஆய்வு போதும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்த செல்லப்பன் நிர்மலாவுக்குத் தீசிஸ் தலைப்பு தேவைப்பட்டது. எய்ட்ஸ் கிருமி சென்னையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் அதுவரை யாருக்கும் அது உறுதியாகவில்லை. மும்பையிலேயே இல்லையாம், இங்கே எப்படி இருக்கும் என்று நிர்மலா தயங்கினார். பேராசிரியர் விடவில்லை.

தலைப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. நிர்மலா மருத்துவமனையிலும் காப்பகத்திலும் பெண்களைச் சந்தித்து ரத்த மாதிரி சேகரித்தார். அதிலிருந்து சீரத்தைப் பிரிக்கச் சிறிய ஆய்வக வசதியை ஏற்பாடு செய்தவர் சுனிதி. சென்னையில் எலிசா பரிசோதனைக்கு வழியில்லை என்றதும் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் நடத்திவந்த வைரஸ் ஆய்வகத்தில் பேசி இடம் பிடித்தவரும் அவரே. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு 1986 பிப்ரவரியில் நிர்மலா தன் கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. முடிவை உறுதிப்படுத்த மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றபோது சுனிதியே காப்பகத்துக்கு நேரில் போனார். அமெரிக்காவில் நடந்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் முடிவை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது இப்படித்தான். நிர்மலா 1987-ல் தீசிஸைக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். சுனிதி 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, கடைசிவரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக வேலை செய்தார்.

கைடு செய்தவற்றை எண்ணிப் பாருங்கள்: நல்ல கேள்வி கொடுத்தார், மாணவி தயங்கியபோது துணிவு கொடுத்தார், தன் கல்லூரியில் இல்லாத வசதிக்கு வெளியே கதவைத் தட்டினார், சிக்கல் வந்தபோது தானே களத்தில் இறங்கினார், தீசிஸை முடிக்க வைத்தார். முடிவு தவறாக இருந்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். மாணவியோடு அவர் பெயரும் கெட்டிருக்கும்.

இதே கதையில் இன்று செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. எந்தக் கிருமிக்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்கு விளக்கப்படவில்லை. காப்பகத்தில் அடைபட்டிருப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் மிகக் குறைவு. அத்தகையோருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2017 அறநெறி வழிகாட்டுதல்கள். "ரத்தம்தானே, எடுத்துட்டு வா, எத்திக்ஸ் கமிட்டி பிறகு பார்த்துக்கலாம்" என்று ஒருவர் இன்று சொன்னால் அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் விலகுங்கள். முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது.

கேள்வியைச் சுருக்கத் தெரிந்தவரா?

தூத்துக்குடியில் படிப்பவருக்கு ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. திரேஸ்புரத்துச் சங்குகுளித் தொழிலாளர்களின் காதும் மூட்டும், திருக்கை முள் குத்திக்கொண்டு வருகிறவர்களின் காயம், துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர்களின் முதுகுவலி, உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களின் சிறுநீரகம். கடைசிப் பொருளில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு ஏற்கெனவே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் கைடிடம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போனால் நல்ல அறிகுறி:

"சார், உப்பளத்துல வேலை பாக்கிறவங்களுக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்னு ஒரு யோசனை."

"எந்த மாசம் பாக்கப் போற?"

"அக்டோபர், நவம்பர் சார்."

"ஐப்பசி மழை விழுந்துட்டா அளத்துல ஆளே இருக்காதே. யாரைப் பாப்ப?"

"..."

"சரி, மாசத்தை மாத்திக்கோ. கிரியாட்டினின் ஒரு தடவை பாத்துட்டு நாள்பட்ட பாதிப்புன்னு எப்படிச் சொல்லுவ? மூணு மாசமாவது கழிச்சு மறுபடி பாக்கணும். உன் புராஜெக்டே ரெண்டு மாசம்."

"அப்போ என்ன சார் பண்ணலாம்?"

"வேலைக்கு இறங்குறதுக்கு முன்ன ஒரு தடவை, முடிச்சதும் ஒரு தடவை. உடம்பு எடை, சிறுநீர் அடர்த்தி. ஒரு ஷிஃப்டுல எவ்வளவு நீர் வத்துதுன்னு தெரியும். சின்னக் கேள்விதான், முடிச்சிடலாம். எத்தனை பேர் வேணும்னு எஸ்.பி.எம். டிபார்ட்மெண்ட்ல கேட்டுட்டு வா."

இந்த ஐந்து நிமிடத்தில் அவர் ஊரின் பருவத்தைப் பார்த்தார், நோயின் வரையறையைப் பார்த்தார், உங்கள் கால அளவைப் பார்த்தார், அடுத்த வேலையையும் கொடுத்தார். இதற்கு நேர்மாறானவர், "சூப்பர் தலைப்பு, செஞ்சிடு" என்று சொல்லிவிட்டு போனை எடுப்பார். பாராட்டு மகிழ்ச்சியாக இருக்கும். அக்டோபரில் ஆளில்லாத அளத்தில் நிற்கப்போவது நீங்கள்.

போவதற்கு முன் விசாரிப்பது

முதலில் பப்மெட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். எத்தனை கட்டுரை என்று எண்ணாதீர்கள். கூட யார் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். மாணவர்களின் பெயர்கள் முதலிடத்தில் இருந்தால் அவர் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர். எல்லாக் கட்டுரையிலும் ஆசிரியர்கள் பெயர் மட்டுமே இருந்தால், தரவு சேகரித்த மாணவர்கள் எங்கே போனார்கள் என்று யோசியுங்கள்.

அடுத்து சீனியர்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும்; அதனால் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்:

• போன மூன்று ஆண்டில் அவரிடம் ஆய்வு செய்தவர்கள் யார், எத்தனை பேர் முடித்தார்கள்?
• நீங்கள் எழுதிக் கொடுத்தது எத்தனை நாளில் திரும்பி வந்தது? திருத்தம் இருந்ததா, கையெழுத்து மட்டும் இருந்ததா?
• எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன சொன்னார்?
• கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வந்தது? அது முன்கூட்டியே பேசியதா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "வேறுபாடு எதுவும் இல்லை" என்ற முடிவையும் முடிவாக எழுதச் சொல்பவர் நேர்மையானவர். "இன்னும் கொஞ்சம் டேட்டா சேர்த்துப் பார், பி வேல்யூ வந்துடும்" என்பவர் உங்களுக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுத்தருகிறார். முதல் ஆய்வில் படிந்த பழக்கம் கடைசிவரை வரும்.

பெயர் எங்கே வரும்?

இதைக் கேட்கக் கூச்சப்படுவோம். பெரியவரிடம் போய், என் பெயர் எங்கே என்று எப்படிக் கேட்பது? ஆனால் கேட்காமல் விட்டதுதான் பின்னால் மனஸ்தாபமாகிறது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களுக்கான சர்வதேசக் குழு, கட்டுரையில் பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பது இதில் அடங்காது. தரவை மட்டும் சேகரித்துவிட்டு எழுதுவதற்கு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் உங்கள் பெயருக்கும் உரிமை குறையும்.

கேட்கும் முறை எளிது: "சார், பப்ளிஷ் பண்ணினா ஆத்தர் ஆர்டர் எப்படி வரும்னு தெரிஞ்சா, நான் எழுத வேண்டியதை அதுக்கேத்தபடி எழுதிடுவேன்." உரிமை கேட்பதுபோல இராது, வேலை கேட்பதுபோல இருக்கும். அவர் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலில் நன்றியோடு எழுதி அனுப்பிவிடுங்கள். அது போதும்.

இந்தக் கேள்வியின் கனத்தை அறிய எல்லாப்ரகடா சுப்பாராவைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டுக்குப் போனவர். அங்கே சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கினார்; 1925-ல் வந்த அந்த முறை ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அழைக்கப்படுகிறது. தசையில் பாஸ்போகிரியாட்டின், பிறகு ஏ.டி.பி. என்று கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. இருவர் பெயரும் சேர்ந்தே வந்தது; அது நல்ல பக்கம். ஆனால் சுப்பாராவ் பிரித்தெடுத்த வேறு சில சேர்மங்கள், ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிச்சத்துக்கு வராமல் போய், பல ஆண்டு கழித்துப் பிறரால் மறுபடி கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்று பின்னாளில் சொன்னவர், அதே ஆய்வகத்தில் படித்து நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ். மாணவரின் கண்டுபிடிப்பு வெளியே வராததைத் தன் நஷ்டமாக நினைக்காத கைடு, அறிவாளியாக இருந்தும் பயனில்லை.

விலக வேண்டிய இடங்கள்

சில விஷயங்களில் யோசிக்கவே வேண்டாம்.

• பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழுக்கு அனுப்பச் சொல்வது. இதழ் மெட்லைனில் பட்டியலிடப்பட்டதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி நூலகரும் உதவுவார்.
• தரவை "நிரப்பிவிடச்" சொல்வது. ஐம்பது படிவத்தில் பத்து காலியாக இருந்தால் அவை காலியாகவே இருக்க வேண்டும்.
• நோயாளிக்கு மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியாமல் தொடங்கச் சொல்வது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்னோக்கிப் பதிவது நின்றுவிட்டது.
• ஆய்வின் பெயரில் சொந்த வேலை, கிளினிக் வேலை வாங்குவது.
• துறைக்கு வெளியே, நேரங்கெட்ட நேரத்தில் தனியாகச் சந்திக்க வற்புறுத்துவது, தொலைபேசியில் தேவையற்ற பேச்சு. பயத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கல்லூரியில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம்

கயிற்றைப் பிடிப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கீழே இறங்குகிறவருக்கும் வேலை உண்டு. வெறுங்கையோடு போய் "சார், ஏதாவது புராஜெக்ட் குடுங்க" என்று நிற்பவரை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி என்ன, ஏற்கெனவே தெரிந்தது என்ன, யாரை எங்கே பார்க்கப்போகிறீர்கள், எத்தனை வாரம் ஆகும். சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். வழியாக நடத்தும் ஆய்வு அடிப்படை வகுப்பை இலவசமாகவே பார்க்கலாம். அதை முடித்துவிட்டுப் போனால் பாதி அடிப்படைக் கேள்விகளுக்கு அவர் நேரத்தை எடுக்க வேண்டியிராது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கேட்காமலே, ஐந்து வரியில் நிலவரம் அனுப்புங்கள். மாடல் எக்ஸாம் வந்து வேலை நிற்குமானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே பிரிந்துவிடுவது இருவருக்கும் நல்லது. "மேடம், இந்த வருஷம் என்னால இதுக்கு நேரம் ஒதுக்க முடியல, நீங்க வேற ஸ்டூடண்ட்டை எடுத்துக்கலாம்" என்றால் போதும். காரணம் விளக்க வேண்டாம், மற்றவர்களிடம் குறை பேசவும் வேண்டாம். வைவா மேசையின் மறுபக்கம் அவர் உட்கார்ந்திருக்கும் நாள் வரும்.

இரண்டு வாரத் திட்டம்

முதல் மூன்று நாளில், உங்களுக்குப் பிடித்த இரண்டு துறைகளில் ஐந்து ஆசிரியர்களின் பெயரை எழுதிப் பப்மெட்டில் பாருங்கள். அடுத்த நான்கு நாளில் சீனியர்களிடமும் சி.ஆர்.ஆர்.ஐ.களிடமும் மேலே சொன்ன நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டியல் மூன்றாகச் சுருங்கும். இரண்டாம் வாரம் மூவரையும் தனித்தனியே பார்த்து, ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்து, "நேரம் கிடைக்கும்போது பாருங்க சார், வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று பேரிடம் கேட்டிருப்பதை மறைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஒருவர் அந்தத் தாளைத் தேடிக்கொண்டிருப்பார். ஒருவர் நன்றாயிருக்கிறது என்பார். ஒருவர் சிவப்பு மையில் நாலு இடத்தில் அடித்துவிட்டு, "இது எதுக்கு? இதை எப்படி அளக்கப் போற?" என்று மடக்குவார். மூன்றாமவரிடம் சேருங்கள்.